நூற்றெண்பது எம்.பி.

பாம்பன் ஐஸ் கம்பெனியில் போன் பார்க்கும் எட்வர்ட்டுக்கு இருபத்தொன்பது வயதில் பார்வை போனது. கண்ணில் நீர் அழுத்தம் என்றார்கள். அதற்குமுன் விசைப்படகில் டிரைவராக இருந்தவர். இப்போது படகுகள் அனுப்பும் ஆர்டர்களைக் கைபேசி வாசிக்கக் கேட்டு, லோடு ஏற்றுகிறவர்களிடம் சொல்வதுதான் வேலை.

தமிழைக் கடித்துத் துப்பாமல் வாசிக்கும் ஒரு புதுச் செயலியைச் சென்னையில் சிலர் உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். சோதித்துப் பார்க்க ஆள் கேட்டபோது எட்வர்ட் ஆசையாகப் பெயர் கொடுத்தார். முதல் மாதம் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு வாரத்துக்கு இரண்டு, சில வாரம் மூன்று என்று பீட்டா எனும் சோதனைப் பதிப்புகள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றும் நூற்றெண்பது எம்.பி. பத்து நாளுக்குமேல் பழையதை வைத்திருந்தால் அது பேசாது. படகுகள் கரை சேர்ந்துவிட்டால் ஊரே போனும் கையுமாக இருக்கும், நெட் நத்தைபோல ஊரும். தொண்ணூறு விழுக்காடு வரை வந்து அறுந்துவிடும். மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும்.

"வந்துச்சா?" என்று கேட்பதை மனைவி லூர்து மேரி நிறுத்தியே பல நாளாயிற்று.

ஆடி மாதத்தில் வந்த ஒரு பதிப்பு கடைசிப் பூஜ்யத்தை விழுங்கியது. ஒரு படகு நாற்பது பார், அதாவது பெரிய ஐஸ் கட்டி, கேட்டிருந்ததை நான்கு என்று வாசித்தது. எட்வர்ட் நான்கு என்றே சொல்லிவிட்டார். ஐஸ் போதாமல் படகு கிளம்ப இரண்டு மணி நேரம் தாமதமானது.

"ஏலே எட்வர்ட்டு, நாலு பார வச்சு மீனுக்கு விசிறியா விடுவாக?" என்று சத்தம் போட்டார் மேனேஜர் தர்மராஜ். "இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கிருவேன்."

எட்வர்ட் சென்னைக்கு போன் போட்டார். எடுத்தவள் செயலியை உருவாக்கும் குழுவில் இருந்த பானுப்பிரியா.

"அண்ணே, அத முந்தாநாளே சரி பண்ணியாச்சே. புதுசு போடலையா?"

"முந்தாநாள்லருந்து அதத்தான் இறக்கிக்கிட்டு இருக்கேன் தாயி. எழுபதுல நிக்கிது."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"நீங்க அங்கன ஒண்ண விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிர்றீக. இங்கன ஒண்ணு வந்து சேரவே ரெண்டு நாளாகுது. தப்பச் சொல்ல வந்தவன் நானு. இப்பத் தப்புக்குள்ளயே குடியிருக்கேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே.

மறுநாள் விடுப்புப் போட்டு, மேரியின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார். ராமநாதபுரத்தில் மச்சான் டேவிட்ராஜின் ஜெராக்ஸ் கடையில் பிராட்பேண்ட் இருந்தது. நான்கே நிமிடத்தில் இறங்கிவிட்டது. நாற்பதை நாற்பது என்றே வாசித்தது.

"இம்புட்டுதானா?" என்றாள் மேரி. "இதுக்கா ஒருநாப் பொழப்பு?"

எட்வர்ட் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பத்து நாள் கழித்து பானுப்பிரியா குரல் செய்தி அனுப்பியிருந்தாள். அவர் சொன்னதை எல்லாரிடமும் பேசினார்களாம். நெட் மெதுவாக இருக்கும் ஊர்க்காரர்கள் இனி மாதத்துக்கு ஒரு பதிப்பு போட்டால் போதும். மாறிய பகுதி மட்டும்தான் இறங்கும். எட்வர்ட் செய்தியை இரண்டு முறை போட்டுக் கேட்டார். நெஞ்சு கொஞ்சம் இளகியது. செய்தியின் கடைசியில் தயங்கித் தயங்கி ஒன்று சொல்லியிருந்தாள். அந்த வசதி வேண்டுமென்றால் இந்த ஒரு தடவை மட்டும் முழுசாக இறக்க வேண்டும்.

"எம்புட்டாம்?" என்று மேரி கேட்டாள்.

"எரநூத்திப் பத்து."

இறக்கும் பொத்தானை அமுக்கிவிட்டு, போனை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார்.