மச்சாள் செய்த மா ரயில்

திருகோணமலை ஸ்டேஷனில் நின்ற எஞ்சின் ஒன்றின் முன்னால், வேலைக்கு உடுத்துகிற சேலையோடு ஒரு பெண் குனிந்து நின்று, தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடாவால் அதன் மூக்கை அளந்துகொண்டிருந்த காட்சி இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அவர் என் அண்ணாவைக் கட்டி வந்து சில மாதங்களே ஆன என் மச்சாள். நாடாவின் மறுமுனையைப் பிடிப்பதற்கென்று என்னையும் இழுத்துக்கொண்டு போயிருந்தார். பெட்டிகளில் ஏறிக்கொண்டிருந்த சனம் முழுக்க எங்களைத்தான் பார்த்தது. எனக்கு வெட்கத்தில் உயிர் போனது. எஞ்சினுக்குள் சாரதியின் கதிரையில் இருந்த அண்ணாவோ, எங்களை முன்பின் தெரியாதவர் போல மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சாளுக்கு இதொன்றும் கண்ணில் படவில்லை. நாடாவைத் தொய்யவிடாமல் பிடிக்கச் சொல்லி என்னைத்தான் ஏசினார்.

ஏன் இந்த வேலை என்று வீட்டில் எல்லாரும் கேட்டோம். அண்ணா வேலைக்குப் போனால் சில வேளை அடுத்த நாள்தான் வருவார். அவ்வளவு நேரமும் இந்த மனுசன் எதற்குள் இருக்கிறார் என்று தனக்குத் தெரியவேண்டும் என்றார் மச்சாள். மற்றப் பெண்கள் என்றால் போனில் கேட்பார்கள். இவர் அந்த எஞ்சினையே சின்னதாகச் செய்யத் தொடங்கினார். ஆஸ்பத்திரியில் பொய்ப்பல் செய்வது அவருடைய வேலை. மெழுகு செதுக்குவது, அச்சு எடுப்பது, மயிரிழை மயிரிழையாகத் தேய்ப்பது எல்லாம் கைப்பழக்கம். சின்ன ரயிலுக்கென்று செய்து விற்கும் துண்டுகள் எதையும் அவர் வாங்கியதில்லை. வாங்குவதற்கு இங்கே கடையும் இல்லை. தண்ணீர்க் குழாயை வெட்டி எண்ணெய்த் தாங்கி, குடைக் கம்பியில் கைபிடி, ஐஸ்கிரீம் பெட்டியின் மூடியில் கதவு. உள்ளங்கையில் அடங்குகிற எஞ்சினில் அந்தக் கதவு திறந்து மூடும். எவ்வளவு பொறுமை என்று யாராவது புகழ்ந்தால் அவருக்குப் பிடிக்காது. பொறுமையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, எல்லாம் பிடிவாதம் என்பார். அது உண்மைதான். அப்படியொரு பிடிவாதக்காரியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

செய்வதைவிட, அவர் நிறம் பூசுவதைப் பார்த்துத்தான் நான் வாயைப் பிளந்தேன். முதலில் பளபளவென்று பூசி முடிப்பார். சரி, இனி அலுமாரியில் வைக்கலாம் என்று நாங்கள் நினைக்கும்போது அதை அழுக்காக்கத் தொடங்குவார். புகை வரும் இடத்தில் கரி, சில்லுகளின் பக்கத்தில் செங்கல் தூள். சாரதி பிடித்து ஏறுகிற கம்பியில் மட்டும் நிறம் தேய்ந்து வெறும் உலோகம் தெரியும். ஒருமுறை அண்ணா வேலையால் வந்து மேசையைப் பார்த்தார். தன் எஞ்சினைத் தான் இப்படி ஊத்தையாக வைத்திருப்பதில்லை என்று முறைப்பட்டு, மண்ணெண்ணெய்த் துணியால் அழுத்தித் துடைத்தும் வைத்துவிட்டார். பல நாள் வேலை போயே போனது. அன்றைய சண்டை தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். ஆனால் அடுத்த நாளே இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, அண்ணாவின் துணி உண்மையான எஞ்சினில் எந்த எந்த மூலைக்கு எட்டாது என்று கதைத்துக் கதைத்து, அந்த மூலைகளில் மட்டும் ஊத்தையைத் திரும்பப் பூசினார்கள். சீனன்குடா ஆலையிலிருந்து கோதுமை மா ஏற்றிப் போகிற வண்டி ஒன்றைச் செய்தபோது, அதன் மேல் உண்மையான மாவையே தூவி, விடிந்து பார்க்க எறும்பு மொய்த்திருந்ததும் உண்டு. பிறகு முகப்பவுடருக்கு மாறினார். இன்றைக்குக் கொழும்பிலிருந்துகூட ஆட்கள் தங்கள் புத்தம் புதுச் சின்ன ரயில்களை அனுப்பி, ஊத்தையாக்கித் தாருங்கள் என்று கேட்கிறார்கள்.

இடையில்தான் அந்த விபத்து நடந்தது. இருள் கவியத் தொடங்கிய ஒரு மைமல் பொழுதில், மா நிரப்பிய வண்டிகளை இழுத்துக்கொண்டு போன அண்ணாவின் எஞ்சின், கந்தளாய் தாண்டிக் காட்டுக்குள் ஒரு வளைவில் யானை ஒன்றை மோதியது. அது அந்த இடத்திலேயே செத்துப்போனது. விசாரணை நடந்து, அவரில் பிழையில்லை என்று வந்தது. அங்கே அவர் என்ன சொன்னார் என்று வீட்டில் வாய் திறக்கவில்லை. லீவு போட்டுவிட்டு விறாந்தையில் இருந்தார். பின்னேரத்தில் ரயில் கூவினால் எழும்பிக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவார். வெள்ளிக்கிழமை தவறாமல் பிள்ளையார் கோயிலுக்குப் போன மனிதர், அந்தத் தெருவையே விட்டுச் சுற்றிப் போனார். யானையைக் கொன்றுவிட்டு எந்த முகத்தோடு அங்கே போய் நிற்பது? அவர் சொல்லாமலே எங்களுக்கு அது விளங்கியது. சல்லி அம்மன் கோயிலில் நேர்த்திக்கடன் வைத்தோம். வந்தவர் போனவரோடு சேர்ந்து நாங்களும் ஒரே ஆறுதலைத்தான் சொன்னோம். சாரதியின் அறைக்கு முன்னால் எஞ்சினின் நீள மூக்கு இருந்தது, யானை அண்ணா இருக்கிற பக்கத்தால் வராமல் மற்றப் பக்கத்தால் வந்தது, மூக்கு அதை மறைத்திருக்கும், அண்ணா கண்டிருக்கவே மாட்டார் என்று. எல்லாரையும்விட நான்தான் அதைக் கூடுதலாகச் சொன்னவள். அவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார். சாப்பாடு குறைந்தது, உடம்பு வற்றியது. இந்த மனிதர் இனி எழும்பமாட்டார் என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

மச்சாள் மட்டும் ஆறுதல் சொல்லவில்லை. வாயால் சொன்னால் போதாது, கண்ணால் காட்டவேண்டும் என்று முடிவெடுத்தார். மறைத்ததா இல்லையா என்று அண்ணா தானே பார்க்கட்டும். அதற்கு உள்ளங்கை எஞ்சின் போதாது. உள்ளே கண்ணை வைத்துப் பார்க்கிற அளவுக்குப் பெரிதாக வேண்டும். ரயில் பாதை வேலை தெரிந்த ஒருவரைத் துணைக்குப் பிடித்துக்கொண்டு, பட்டப்பகலில் அந்த வளைவுக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். மச்சாள் கயிறு பிடித்து வளைவை அளந்தார். பாதையோரத்து மரங்களைக்கூட அளந்தார். வீட்டில் ஒரு பழைய கதவைக் கழற்றிப் படுக்கவைத்து, அதன் மேல் வளைவைப் போட்டார். கைக்குழந்தை அளவில் எஞ்சின் எழும்பியது. யானையைப் பொய்ப்பல்லுக்கு முரசு, அதாவது ஈறு, செய்கிற ரோஸ் நிறப் பசையில்தான் வார்த்தார். நிறம் பூசும்வரை அது ரோஸ் யானையாகவே மேசையில் நின்றது. வேறு நேரமென்றால் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்போம்.

எஞ்சினின் பின்சுவரில், சாரதியின் கண் இருக்கும் உயரத்தில் ஒரு துளை விட்டிருந்தார். அந்த உயரத்துக்காக அண்ணா சாப்பாட்டு மேசையில் இருக்கும்போது, அவருக்குத் தெரியாமல் பின்னால் நின்று அளந்தவர். வேலை முடிந்த அன்று என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். கண்ணை வைத்தேன். மூக்கின் ஓரத்தில் யானையின் அரைவாசி உடம்பு தெளிவாகத் தெரிந்தது. மறைக்கவில்லை. இவ்வளவு நாளும் நாங்கள் சொன்னதெல்லாம் பொய்யென்று அந்தச் சின்ன எஞ்சின் சொன்னது. இதை அண்ணா பார்த்தால் செத்தே போய்விடுவார் என்று நினைத்தேன். மூக்கைக் கொஞ்சம் உயர்த்துங்கோ, இல்லாவிட்டால் துளையைக் கொஞ்சம் கீழே இறக்குங்கோ, ஆருக்குத் தெரியப்போகுது என்று கெஞ்சினேன். மச்சாள் அழுதுகொண்டுதான் இருந்தார். ஆனாலும் அசையவில்லை. புருசனின் தங்கையான என்னையும் அவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவார்.

"பல்லு ஒரு நூல் கூடினாலும் நாக்குக்குத் தெரியும், மச்சாள். அந்தக் கதிரையில இருந்தவர் அவர். அவரை ஏமாத்த ஏலாது."

அடுத்த நாள் பின்னேரம், ஜன்னலை அரைவாசி சாத்தி மைமல் வெளிச்சத்தை வரவைத்துவிட்டு, அண்ணாவைக் கைபிடித்துக் கூட்டிவந்தார். அண்ணா துளையில் கண்ணை வைத்தார். நான் சுவரோடு சுவராக நின்றேன். பிறகு கண்ணை எடுக்காமலே கையை முன்னால் நீட்டி, தடவித் தடவி யானையைப் பிடித்தார். அதை எஞ்சினுக்குக் கிட்டக் கொண்டுவருவார் என்று நினைத்தேன். அவரோ தூரத் தூர நகர்த்தினார். வளைவின் மற்ற முனையில், அது சின்னதாகத் தெரிகிற இடத்தில் நிறுத்தினார்.

"இஞ்ச, இவ்வளவு தூரத்தில நிக்கேக்கயே கண்டனான்" என்றார். "கண்ட உடன பிறேக் போட்டனான். நீங்கள் எல்லாரும் காணேல்லை, காணேல்லை எண்டு சொல்லேக்க எனக்கு விசர் பிடிக்கும்போல இருந்தது."

கண்டது அவருக்குத் தெரியும். எப்போதும் தெரியும். அதை எங்களிடம் சொல்ல நாங்கள்தான் இடம் கொடுக்கவில்லை. அண்ணா எஞ்சினின் பின்பக்கத்தைக் காட்டினார். "மா வண்டியள் எங்க? தனி எஞ்சினெண்டா நான் நிப்பாட்டியிருப்பன். வண்டியளையும் செய்யும். எல்லாத்தையும் செய்யும்" என்று மச்சாளைக் கேட்டுக்கொண்டார்.

செய்தார். அதற்குப் பல மாதங்கள் போயின. மச்சாள் ஆஸ்பத்திரியால் வந்ததும் இரண்டு பேரும் மேசைக்கு முன்னால் இருந்துவிடுவார்கள். எந்த வண்டியின் மூடி இறுகாமல் மா கசியும், எதில் மழை ஒழுகிக் கோடு விழுந்திருக்கும், எதன் பக்கத்தில் யானைக்குப் பிறகு புதுக் கீறல் வந்தது என்று அண்ணா சொல்லச் சொல்ல மச்சாள் நிறம் பூசினார். அப்படித்தான் அண்ணா கொஞ்சம் கொஞ்சமாகப் பேசத் தொடங்கினார். வெறும் பெட்டியாக இருந்தால் சரிவராது, பாரம் வேண்டும் என்றார். பல்லுக்கு அச்சு எடுக்கிற சாந்தைக் கரைத்து ஒவ்வொரு வண்டியையும் நிரப்பினார்கள். அந்த இடத்தில் பாதை இறக்கம் என்பதால் கதவின் ஒரு பக்கத்துக்குக் கீழே கட்டை வைத்தார்கள். யானையைக் கண்டபோது தன் எஞ்சின் வந்திருந்த இடத்தில் பாதைக்குக் குறுக்கே அண்ணா சோக்குக் கட்டியால் ஒரு கோடு போட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, எஞ்சின் கோட்டுக்கு வந்ததும் அமத்திப் பிடிக்கவேண்டும், அதற்கு முதல் தொடக்கூடாது என்றார்.

யானையைப் பழைய இடத்தில் நிறுத்திவிட்டு, மேட்டுப் பக்கத்தில் பிடித்திருந்த ரயிலிலிருந்து அவர் கையை எடுத்தார். ரயில் இறங்கி வந்தது. கோட்டில் எஞ்சினை இரண்டு கையாலும் அமத்தினேன். சில்லுகள் அந்தக் கணமே நின்றன. ரயில் நிற்கவில்லை. பின்னால் இருந்த பாரம் முழுக்க என் கையையும் எஞ்சினையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வழுக்கியது. மெதுவாகத்தான் போனது. பார்ப்பதற்கு நிறைய நேரம் இருந்தது. அதுதான் கொடுமை. யானையின் காது, கால், மச்சாள் பூசிய செம்மண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே போனேன். எஞ்சின் அதைத் தட்டி விழுத்திவிட்டுத்தான் நின்றது.

"கண்டனீயோ?" என்று அண்ணா கேட்டார்.

"ஓம் அண்ணா. கண்டனான்."

"நிப்பாட்டினனீயோ?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அண்ணா கதிரையில் இருந்து, விபத்துக்குப் பிறகு முதன்முதலாக, விக்கி விக்கி அழுதார். மச்சாள் அவர் பக்கத்தில் போய் இருந்தார். எங்களில் ஒருவரும் ஆறுதல் சொல்லவில்லை.