தண்ணி வராத போர் இருக்குங்களா?

நேற்று பக்கத்து மனையில் போர்வெல் லாரி வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் மாடியில் காய்ந்த துணியெல்லாம் சாம்பல் நிறப் பாறைப்பொடி. வீட்டில் ஒரே சத்தம். நான் மட்டும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மோந்துகொண்டிருந்தேன். எனக்கு அது அரூர்ப் பக்கத்து வாசனை.

நிலவியல் ஆய்வு வேலையில் சேர்ந்த புதிதில் எங்களுக்குக் கொடுத்த பணி, நாட்டின் அடிப்பாறை எந்தத் திசையில் நெருக்கப்படுகிறது என்று வரைபடம் போடுவது. மொத்த நிலமும் வடக்கே நகர்ந்து இமயமலையில் முட்டிக்கொண்டு நிற்கிறது அல்லவா, அந்த அழுத்தம் தர்மபுரிப் பாறைக்குள்ளும் உண்டு. ஆழமாகத் துளை போட்டால், நெருக்கம் தாளாமல் அதன் சுவரில், நெருக்கும் திசைக்குக் குறுக்கே, எதிரெதிரே இரண்டு பக்கம் செதில் செதிலாக உதிரும். கேமராவை இறக்கிப் பார்த்தால் திசை தெரிந்துவிடும். ஆனால் துளையில் தண்ணீர் இருக்கக் கூடாது. ஊர் ஊராகப் போய், "தண்ணி வராத போர் இருக்குங்களா?" என்று கேட்டு அலைந்த பிழைப்பு எங்களுடையது.

அரூர்ப் பக்கத்தில் மாதம்மா அக்காவின் போர் அப்படிக் கிடைத்ததுதான். அவரும் கணவர் முனுசாமியும் ஆயிரம் அடி இறக்கிக் கைவிட்டது. தக்காளிச் செடி வாடிக்கொண்டிருந்தது. ஊரிலேயே இருப்பதா, பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவதா என்று இருவருக்கும் தினமும் சண்டை. நாங்கள் தண்ணீர் பார்க்க வரவில்லை என்று முதலிலேயே சொன்னோம். தலையாட்டினார்கள். அப்படியும் இரும்புக் குழாய்க்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டு, "செருப்ப கழட்டிட்டு எறக்குங்க சார்" என்றார் அக்கா.

எண்ணூறு அடிக்குக் கீழே கிழக்கிலும் மேற்கிலும் சுவர் அழகாக உதிர்ந்திருந்தது. அப்படி ஒரு துளை அதுவரை எங்களுக்குக் கிடைத்ததில்லை. எங்கள் அதிகாரி, பேரன் எடுத்த மனிதர், துள்ளிக் குதித்தார். நான் விசிலடித்தேன். நிமிர்ந்து பார்த்தால் அக்கா தேங்காயை உடைத்துவிட்டார். முனுசாமி கேமரா ஒயருக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருக்கிறார்.

"எத்தன இஞ்சு தண்ணிங்க சார்?"

சொல்லத்தானே வேண்டும். "தண்ணி இல்லீங்கக்கா. செவுரு நல்லா உதிர்ந்திருக்கு, அதுக்குத்தான் நாங்க..." என்று ஆரம்பித்தேன்.

முனுசாமி கற்பூரத்தைக் கீழே வைத்துவிட்டு வாடிய செடிப் பக்கம் போய்விட்டார். அக்கா தேங்காய் மூடிகளைப் பொறுக்கினார். "சரி வுடுங்க. ஒடச்ச தேங்கா வீணாப் போவுணுமா? வூட்டுக்கு வாங்க, களி கிண்டறேன், சட்னியும் அரைக்கறேன். சாப்புட்டுப் போங்க."

சாப்பிடவும் வெட்கம், வேண்டாம் என்று சொல்லவும் வெட்கம். சாப்பிட்டோம்.

போன வருஷம் அந்த வழியாகப் போனபோது இறங்கிப் பார்த்தேன். துளைக்கு இரும்பு மூடி போட்டு வெல்டிங் வைத்திருந்தார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. பெங்களூர்தான் என்றார் பக்கத்து நிலத்துக்காரர். எந்த ஏரியா என்று அவருக்கும் தெரியவில்லை.

எங்கள் வரைபடம் எப்போதோ அச்சாகிவிட்டது. அந்த இடத்தில் வடக்கு தெற்காக ஒரு சின்னக் கோடு இருக்கிறது. ஒவ்வொரு துளைக்கும் தரம் போடுவது எங்கள் வழக்கம். மாதம்மா அக்காவின் துளைக்கு 'மிக நன்று' என்று போட்டிருக்கிறோம்.