கிழங்கு பாலாகும் இடம்

“ஏன் தம்பி, கிழங்கு எந்த எடத்துல பாலாவுது?”

இன்னாசிமேரி அக்கா ஒரு நாள் மாலை என்னிடம் இப்படிக் கேட்டாள். 1962இல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, எதிலும் நிலைகொள்ளாமல், அயோத்தியாப்பட்டணத்து ஜவ்வரிசி மில் ஒன்றில் கிழங்கு மூட்டை எடை போடும் வேலையில் இருந்தேன். அக்கா எங்கள் தெருக்காரி. அதே மில்லில் கிழங்குத் தோல் சீவுகிறவள்.

கேள்வி விளங்க மில்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வண்டியில் வரும் குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, வெளிக் கொட்டகையில் பெண்கள் தோல் சீவுவார்கள். உள்ளே அதை அரைத்து, துணியில் வடிகட்டி, தொட்டியில் தெளிய விடுவார்கள். வெள்ளையாக இருப்பதால் அதற்குப் பால் என்று பெயர். பால் தெளிந்து மாவாகும். மாவை உருட்டி, அடுப்பில் வறுத்தால் ஜவ்வரிசி.

மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சேரிப் பெண்கள் கிழங்கைத் தொடலாம். பால் என்று பேர் வந்த பிறகு தொடக்கூடாது. அடுப்பு வேலையும் அவர்களுக்கு இல்லை. யாரும் எழுதி ஒட்டவில்லை. எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

அக்கா கணவனை இழந்தவள். ஒரே மகள் இன்பமேரி, எட்டாவது படித்தாள். அக்கா இருக்கும் இடத்தில் சத்தம் இருக்கும். கோணலான கிழங்கு கையில் கிடைத்தால் அதற்கு மேஸ்திரி மாதையனின் பேரை வைத்து, “அசையாம இருங்க மேஸ்திரி” என்று சொல்லிக்கொண்டே தோலை உரிப்பாள். அடுப்படியில் வேலை செய்யும் சின்னாயியை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு, “நான் பெத்துக் குடுத்ததைத்தான்டி நீ வளக்கற, பாத்து வளத்து” என்பாள். சின்னாயி, “பெத்தவ லட்சணம் புள்ளையில தெரியுது, ஒரே மண்ணு” என்று திருப்பிக் கொடுப்பாள். ஜன்னல் வரைக்கும் அவர்கள் நல்ல சிநேகிதிகள்.

அந்தத் தை மாதம் கத்தி வழுக்கி அக்காவின் இடது கையில் ஆழமாக வெட்டிவிட்டது. காயம் ஆறியது, இரண்டு விரல்கள் மடங்கவில்லை. கிழங்கைப் பிடித்துச் சீவ முடியவில்லை.

மாதையன் சொன்னார்: “உம்மவளைக் கொண்டாந்து உடு. உன் எடத்துல உக்காரட்டும்.”

“அவ படிக்கட்டுங்க. என்னை அடுப்புல போடுங்க. துழாவறதுக்கு இந்தக் கை போதும்.”

“பால் பொழங்கற எடம். தெரியாத மாதிரிப் பேசறயே.”

“அது எந்த மாட்டுப் பாலுங்க?”

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். மாதையனுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் வேலை கிடைக்கவில்லை. அன்று மாலை வீட்டுக்கு நடக்கும்போதுதான் அக்கா என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள். இன்பமேரியின் படிப்பு அதோடு நின்றுவிடும் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

தீண்டாமை குற்றம் என்று சட்டம் வந்து ஏழு வருஷம் ஆகிறது, பேப்பரில் படித்திருக்கிறேன் என்று சொன்னேன்.

“அது நமக்கில்ல தம்பி. இன்பமேரிக்குப் படிப்புச் சலுகை கேட்டப்ப, நீங்க வேதக்காரங்க, கிறிஸ்தவங்க, உங்களுக்குக் கெடையாதுன்னுட்டாங்க. சட்டமும் அப்படித்தான் இருக்கும்.”

எங்கள் தெரு முழுக்க அப்படித்தான் நம்பியது. மாதா கோயிலில் வேதபாடம் சொல்லித்தரும் உபதேசியார் சூசைமாணிக்கமும் அதையே சொன்னார். அவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் அக்காவுக்குக் கோபம் வந்தது.

“சலுகை கேட்டா நான் வேதக்காரி. பாலைத் தொடப்போனா மட்டும் பழைய சாதிக்காரியா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லச் சொல்லுங்க உபதேசியாரே.”

 மறுநாள் உபதேசியாரே எங்கள் இருவரையும் சேலத்தில் தமக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடம் கூட்டிப்போனார். வக்கீல் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “சலுகை வேற, இந்தச் சட்டம் வேற. நீங்க எந்தச் சாமியைக் கும்பிடறீங்கன்னு இது கேக்காது. உங்களை எதுக்காகத் தடுத்தாங்கன்னுதான் கேக்கும். போலீஸில் போய்ச் சொல்லுங்க.”

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் அக்காவின் கால் நின்றுவிட்டது. “மொதலாளி என்னைத் தெருவுல உட்டுட்டா?” என்றாள். பிறகு, “இப்ப மட்டும் எங்க இருக்கறேன்” என்று தானே சொல்லிக்கொண்டு உள்ளே போனாள்.

சப்-இன்ஸ்பெக்டர் மில்லுக்கு வந்து, முதலாளி தீர்த்தகிரியைக் கிழங்கு கொட்டும் களத்தில் வைத்தே கேட்டார்: “இந்தம்மாவை அடுப்பு வேலைக்கு விடாததுக்கு என்ன காரணம்?”

தீர்த்தகிரி மாதையனைப் பார்த்தார். மாதையன் கிழங்குக் குவியலைப் பார்த்தார். தினமும் எல்லோரும் சாதாரணமாகச் சொல்லும் காரணம்தான். ஆனால் சொன்னால் குற்றம் என்று ஆனபிறகு அதைச் சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை.

“கை சரியில்லீங்க, அதான்” என்றார் தீர்த்தகிரி கடைசியில்.

“துழாவிக் காட்டட்டுங்களா?” என்றாள் அக்கா.

சப்-இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். வேண்டாம் என்று சொல்லத் தீர்த்தகிரியிடம் வேறு காரணம் இல்லை. அக்கா முதல் முறையாக உள்ளே போனாள். நானும் ஜன்னலுக்கு ஓடினேன். அடுப்பில் ஜவ்வரிசி பொரிந்துகொண்டிருந்தது. துடுப்போடு நின்ற சின்னாயி அக்காவைப் பார்த்ததும் கையை நிறுத்திவிட்டாள். மற்றப் பெண்கள் சுவர் ஓரம் ஒதுங்கினார்கள். சின்னாயியும் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். அதற்குள் தீய்ந்த வாசனை வந்துவிட்டது.

“பாத்துக்கிட்டு நிக்கறயேடி, அடி புடிக்குது, துழாவு” என்று சின்னாயி துடுப்பை அக்காவின் கையில் திணித்தாள்.

அக்கா வலது கையால் துழாவினாள். மடங்காத விரல்களைத் துடுப்பின் மேல் சும்மா வைத்துக்கொண்டாள். அடி பிடித்தது கொஞ்சம்தான். மறுநாளிலிருந்து அவளுக்கு அடுப்பு வேலை.

எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் பொய். இரண்டு பெண்கள் வேலைக்கு வராமல் நின்று, பிறகு வந்தார்கள். குடிதண்ணீர்ப் பானை இந்த வருஷமும் தனிதான். அதையும் கேட்கப் போவதாக அக்கா சொல்கிறாள். இன்பமேரி இப்போது பத்தாவது படிக்கிறாள். கணக்கில் மட்டும் கொஞ்சம் மந்தம்.

வாழப்பாடிப் பக்கமும் சேந்தமங்கலம் பக்கமும், அந்தச் சட்டம் தங்களுக்கு இல்லை என்று நம்பி வெளியிலேயே உட்கார்ந்திருக்கும் வேதக்காரர்கள் பலர். அவர்களில் பாதிப் பேருக்கு நான் எழுதியதைப் படிக்கத் தெரியாது. ஆகையால் படித்தவர்கள் இதை மடித்து வைத்துவிடாமல், அவர்களிடம் போய் வாயால் சொல்லுங்கள்.