கொண்டப்பநாயக்கன்பட்டி பங்களாவிலிருந்து பாவாயியை அழைத்துவந்தது

சென்ற தை மாதம் என் தங்கை பாவாயியைத் தேடிச் சேலம் போய்வந்தேன். அவளுக்குப் பதினாறு வயது. குழந்தையைப் பார்த்துக்கொண்டால் போதும், தையலும் கற்றுத் தருவார்கள் என்று சொல்லி ஒரு தரகுக்காரி ஆடியில் அழைத்துப் போனாள். பிறகு ஒரு கடிதம்கூட இல்லை. சேலத்துக்கு வெற்றிலை கொண்டுபோகும் எங்கள் ஊர்க்காரர்தான், கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு பங்களாக் கொல்லையில் அவளைக் கண்டாராம். வெள்ளிக்கிழமை தன்னைப் பம்பாய்க்கு அனுப்பப் போவதாகச் சொல்லி அழுதாளாம்.

பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் பன்னிரண்டு மைல், நாலணா. ஆறு மணி வண்டி ஏழே காலுக்கு வந்தது. பெட்ரோலுக்குப் பதில் அடுப்புக்கரியில் ஓடும் யுத்த காலத்துக் கரி பஸ். மேடு வந்தால் நாம்தான் இறங்கித் தள்ள வேண்டும். அதற்காகக் கட்டணத்தைக் குறைப்பதில்லை. அங்கிருந்து சேலம் முப்பத்திரண்டு மைல், பத்தணா. சேரும்போது மணி ஒன்று.

போலீஸ் ஸ்டேஷனில் ஒரு மணி நேரம் நின்றேன். “வேலைக்குத்தானே போயிருக்கு? எழுதிக் குடுங்க, பாக்கலாம்” என்றார்கள். எழுதினேன். வாங்க வேண்டியவர் சாப்பிடப் போயிருந்தார்.

ஜட்கா பிடித்தேன். நாலு மைல், ஆறணா. எந்தப் பங்களா என்று சொன்னதும் வண்டிக்காரர் குதிரையை நிறுத்திவிட்டார்.

“அங்கிருந்து ஒரு புள்ளை ஓடியாந்து என் வண்டியில ஏறுச்சுங்க. அந்த எசமானுக்குப் பயந்துக்கிட்டு நானே திருப்பிக் கொண்டுபோய் உட்டுட்டேன்.”

“எந்த ஊர்ப் பிள்ளை?”

“வேலூருன்னுச்சுங்க. புருவத்துல தழும்பு.”

பாவாயிதான். அவரை அறையலாம் போலிருந்தது. அறைந்தால் வண்டி ஓட்ட வேறு ஆளில்லை. “ஓட்டுங்க” என்றேன்.

பங்களா வாசலில் வீட்டுக்கார அம்மாள், “கூட்டிவந்தவ வரட்டும், அவகூடத்தான் அனுப்புவோம்” என்றார். கூடப்பிறந்தவன் நான் என்றேன். திரும்பவும் அதையே சொன்னார். இப்படி எத்தனை முறை! அதற்குள் வண்டிக்காரர் கொல்லைப்பக்கம் போய், “உங்கண்ணன் வந்திருக்காரு, வா சாமி” என்று கூப்பிட்டுவிட்டார். ஈரக் கையோடு பாவாயி வந்தாள். அம்மாள் மறித்தார்.

“நான் ஊட்டுக்குப் போறேனுங்க” என்றாள் பாவாயி. அவரைச் சுற்றிக்கொண்டு வெளியே நடந்தாள்.

ஆனால் ஜட்காவில் ஏறமாட்டேன் என்றுவிட்டாள். நாலு மைலும் நடந்தோம். வண்டிக்காரரும் ஏறாமல், குதிரையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்து வந்தார்.

இப்படிப் போக வேண்டியவர்கள் துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள். நாமக்கல்லுக்குக் கடைசி வண்டி ஐந்தரைக்கு. போலீஸ் ஸ்டேஷனுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். பெண்ணை அனுப்புமுன் வீட்டை நேரில் பாருங்கள்; நான் பார்க்கவில்லை.

மாசியில் தரகுக்காரி வேலைக்குப் பெண் தேடி மறுபடி எங்கள் தெருவுக்கு வந்தாள். அவள் எந்த வாசலில் நின்றாலும் பாவாயியும் போய்ப் பக்கத்தில் நின்றாள். அன்று தரகுக்காரி தனியாகத்தான் பஸ் ஏறினாள்.