லிஃப்ட் மெக்கானிக் வீட்டுச் சீட்டுகள்

என் தங்கையின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பதினாறு வருடமாக ஒரே கம்பெனி. மூன்றாவது மாடியில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டே, மேலே மோட்டார் அறையில் எந்த பேரிங் மக்கர் செய்கிறது என்று சொல்லிவிடுவார். லிஃப்ட் பாதியில் நின்றுபோய் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அலறும்போது, "சாப்பிட்டீங்களா? எந்த மாடிக்குப் போகணும்?" என்று வெளியிலிருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே கதவைத் திறந்துவிடுவார். அவ்வளவு நிதானம். அதே மனிதரிடம் ஒரு தாளை நீட்டிப் பாருங்கள், உடனே சட்டைப் பையைத் தடவ ஆரம்பித்துவிடுவார்.

"கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டேன்."

நான் ஆஸ்பத்திரியில் பதிவு கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள். ஒரு நாளைக்கு இருநூறு பேர் படிவம் நிரப்புவதைப் பார்க்கிறேன். கண்ணாடியை மறந்தவர் யார், எழுத்துக்குப் பயந்தவர் யார் என்று எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். கல்யாணமான புதிதில் இவர் விரலை நசுக்கிக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். "அக்கா, நீங்களே எழுதிடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் தங்கையிடம், "உன் வீட்டுக்காரர் கண்ணாடி போடுவாரா?" என்று கேட்டேன். "இல்லையே, ஏன்?" என்றாள். சும்மாதான் கேட்டேன் என்று சொல்லி வைத்தேன். எனக்கு வாய் நீளம் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. ஆனால் அன்றைக்கு மூடிக்கொண்டேன்.

அவருக்குப் படிக்கவே தெரியாது என்றில்லை. விரலை வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி, வாய்விட்டுப் படித்தால்தான் வரும். நடுவில் ஓர் எழுத்து தடுக்கினால் வரியின் ஆரம்பத்துக்கே திரும்பிப் போக வேண்டும். எட்டாம் வகுப்பில் தினம் இவரை எழுப்பி நிறுத்திப் பாடம் படிக்கச் சொல்வாராம் வாத்தியார். இவர் முதல் வரியைத் தாண்டுவதற்குள் வகுப்பே சிரித்து ஓய்ந்திருக்கும். "போதும், உட்காரு" என்பாராம். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்துவிட்டார். அந்த வாத்தியார் என் கவுண்டருக்கு வந்தால் மதியம் வரைக்கும் காக்க வைப்பேன். வரத்தான் மாட்டேன் என்கிறார்.

இவர்களுக்கு ஒரே பெண். வீட்டில் வாண்டு என்று கூப்பிடுவோம். அவளுக்கு இரண்டு வயது முடிந்த வாரம் இவர் ஒரு முடிவுக்கு வந்தார். தான் பட்டது மகள் படக் கூடாது; பள்ளிக்கூட வாசலை மிதிப்பதற்கு முன்பே அவள் படிக்க வேண்டும்.

தங்கைக்கு மருந்துக்கடையில் வேலை. மதியம் போனால் எட்டு மணிக்குத்தான் வீடு திரும்புவாள். இவருக்குக் காலை ஷிஃப்ட், இரண்டு மணிக்கெல்லாம் வந்துவிடுவார். ஆக, சாயங்காலம் முழுக்க வாண்டு இவர் பொறுப்பு. பொறுப்பென்று வந்துவிட்டால் அவருக்குத் தெரிந்தது ஒரே வழிதான். லிஃப்டின் கன்ட்ரோல் பேனலைத் திறந்தால் உள்ளே நூற்றுக்கணக்கில் ஒயர்கள் இருக்குமாம். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய ஒரு சீட்டு இருக்கும். சீட்டில்லாத ஒயரில் கை வைக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலில் முதல் நாள் பாடம். அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

ஆபீஸில் டைப் அடிக்கும் பெண்ணைக் கெஞ்சி, பெரிய எழுத்தில் அச்செடுத்து, லேமினேட் போட்டு, வீடு பூராவும் ஒட்டினார். கதவு, ஜன்னல், நாற்காலி, குழாய், பீரோ, ஃப்ரிட்ஜ் என்று நாற்பத்திரண்டு சீட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டு சோபாவில் கொஞ்சம் அதிக நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

"எனக்கும் பெரியம்மான்னு ஒண்ணு ஒட்டிடாதீங்க தம்பி" என்றேன்.

"நீங்க ஒரு எடத்துல நிக்க மாட்டீங்களே அக்கா" என்றார்.

தினமும் சாயங்காலம் நாலரை மணிக்குச் சோதனை. லிஃப்டைச் சோதிக்கும் அதே பாரத்தில் தேதி போட்டு, ஒவ்வொரு சீட்டாக விரலால் தட்டிக் கேட்பார். வாண்டு சொன்னால் டிக். முதல் மாதம் பதினொன்று, இரண்டாம் மாதம் இருபத்தாறு. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோருக்கும் பாரத்தை எடுத்துக் காட்டினார். எனக்கென்னவோ குழந்தையின் முகத்தில் ஒரு சுவாரசியமும் தெரியவில்லை. அவள் சொல்லிவிட்டு பிஸ்கட்டைப் பார்ப்பாள்.

அந்த வீட்டில் கதைப் புத்தகங்களும் இருந்தன. மொத்தம் நான்கு, நானே வாங்கிக் கொடுத்தவை. நான்குக்கும் பிளாஸ்டிக் அட்டை போட்டு பீரோவுக்கு மேலே, சூட்கேஸுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். "கிழிச்சிடுவா அக்கா. கொஞ்சம் வெவரம் வரட்டும்" என்பார். குழந்தை முன்னால் அவர் ஒரு புத்தகத்தைத் திறந்து நான் பார்த்ததே இல்லை. சீட்டுதான், சோதனைதான்.

வாண்டுக்கு இரண்டே முக்கால் வயது ஆனபோது வீட்டுச் சொந்தக்காரர் சமையலறைக்கும் கூடத்துக்கும் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். பெயிண்டர் நல்ல மனிதர். சுவரிலும் சாமான்களிலும் இருந்த சீட்டுகளையெல்லாம் பதமாக உரித்து ஒரு டப்பாவில் போட்டு வைத்தார். வேலை முடிந்ததும் யாரும் சொல்லாமலே திருப்பி ஒட்டியும் கொடுத்தார். என்ன, கையில் வந்ததை வந்த இடத்தில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு நான் போயிருந்தேன். தங்கைக்கும் அன்று லீவு. நாலரை மணிக்கு இவர் பாரத்தோடு எழுந்தார். ஃப்ரிட்ஜின் மேல் இருந்த சீட்டைத் தட்டினார். "ஃப்ரிட்ஜ்" என்றாள் வாண்டு. டிக். பீரோவைத் தட்டினார். "பீரோ." டிக்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"என்ன தம்பி, ஃப்ரிட்ஜ்ல ஜன்னல்னு ஒட்டியிருக்கு. அவ ஃப்ரிட்ஜ்ங்கறா, நீங்களும் டிக் போடறீங்க?"

தங்கை சிரித்தாள். விளையாட்டுக்குச் செய்கிறார் என்று நினைத்துவிட்டாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. குனிந்து சீட்டைப் பார்த்தார், உதடு அசைந்தது. அப்புறம் கையிலிருந்த பாரத்தைப் பார்த்தார். பெயிண்டர் ஒட்டிவிட்டுப் போய் நான்கு நாள் ஆகியிருந்தது. நான்கு நாளும் இவர் தட்டியிருக்கிறார், அவள் சொல்லியிருக்கிறாள், இவர் டிக் போட்டிருக்கிறார்.

சீட்டை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்தார். "இது என்னம்மா?"

வாண்டு சீட்டைப் பார்த்தாள், அப்பா முகத்தைப் பார்த்தாள். "அட்டை" என்றாள்.

அதில் தப்பு சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் அவர் குரல் உயர்ந்துவிட்டது. "சரியாப் பாத்துச் சொல்லு." அவர் சத்தம் போட்டு அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. குழந்தை மேசைக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது. எவ்வளவு கூப்பிட்டும் வெளியே வரவில்லை.

நான் கிளம்பும்போது அவர் படி இறங்கிக் கூடவே வந்தார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டார்.

"நானும் இப்படித்தான் அக்கா. பேனல்ல எந்த ஒயர் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். சீட்டப் படிச்சு நான் வேலை பாத்ததே இல்ல. பதினாறு வருஷமா எடத்த வச்சே ஓட்டிட்டேன். இப்ப அவளும் அதையே பண்றா. என்னோடது அவளுக்கும் வந்துடுச்சு."

"ரெண்டே முக்கால் வயசுல என்ன தம்பி வந்துடும்? எந்தக் குழந்தையும் அப்படித்தான் சொல்லும். அந்தப் புத்தகத்த மொதல்ல பீரோ மேலேருந்து எறக்குங்க. மடியில உக்கார வச்சுப் படிச்சுக் காட்டுங்க."

"நான் படிச்சா அந்தத் திக்கலும் அவளுக்கு ஒட்டிக்கும் அக்கா. பேச்செல்லாம் நம்மகிட்ட கேட்டுத்தானே கத்துக்கறாங்க? அதனாலதான் நான் அவ எதுக்க வாயத் திறந்து படிக்கறதே இல்ல."

ஏதோ தொற்றுநோய்க்காரர் தட்டையும் தம்ளரையும் ஒதுக்கி வைப்பதுபோல அவர் தன் படிப்பைக் குழந்தையிடமிருந்து ஒதுக்கி வைத்திருக்கிறார். இத்தனை நாள் நான் அதைக் கண்டுபிடிக்கவில்லை, கிண்டல்தான் செய்துகொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும். திரும்ப மாடியேறிப் போய், ஸ்டூல் போட்டு ஏறி, நான்கு புத்தகங்களையும் இறக்கி, தரையில் அவள் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

வாண்டு அவற்றைப் பொம்மைக்குக் கட்டிலாகப் போட்டுக்கொண்டாள் என்று மறுநாள் தங்கை போனில் சொன்னாள். சீட்டுகளையெல்லாம் அவர் உரித்துவிட்டாராம். பாரத்தையும் காணோமாம்.

அடுத்து நடந்ததை அவரே பிறகு என்னிடம் சொன்னார். கம்பெனியில் புது மாடல் லிஃப்ட் வந்திருந்தது. அதில் பழைய பேனல் கிடையாது. ஒரு சின்னத் திரைதான். கோளாறு என்னவென்று அதில் வரிவரியாக மாறி மாறி ஓடும். இடத்தை வைத்து ஒப்பேற்ற முடியாது. அதற்கான புத்தகத்தை எல்லோருக்கும் கொடுத்து ஆறு மாதம் ஆகிவிட்டது. சூப்பர்வைசர் கேட்கும்போதெல்லாம் "பாதி வந்துட்டேன் சார்" என்று தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். புத்தகம் பையில் ஸ்பேனருக்கு அடியில் கிடந்தது. மகளைச் சோதித்தது போதும், முதலில் நாம் படிப்போம் என்று தோன்றி அதை வெளியே எடுத்திருக்கிறார்.

வாண்டு மதியம் தூங்கும் நேரமாகப் பார்த்துச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து படிப்பார். விரலை வைத்து, வாய்விட்டு. மூன்றாம் நாள் அவள் சீக்கிரமே எழுந்துவிட்டாள்.

"கத... கதவு முழு... முழுமை... கதவு முழுமையாக மூ... மூடி..."

நிமிர்ந்தால் பொம்மையைக் காலைப் பிடித்துத் தொங்கவிட்டபடி வாசலில் நிற்கிறாள். சட்டென்று புத்தகத்தை மூடிவிட்டார். அவள் வந்து மடியில் ஏறி உட்கார்ந்தாள். புத்தகத்தைத் திறந்தாள். அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்து இழுத்துப் பக்கத்தின் மேல் வைத்தாள்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்லம்மா. இது அப்பா ஆபீஸ் புக்கு."

"கதவு மூடி அப்புறம்?"

வேறு வழியில்லாமல் படித்தார். கதவு மூடியபின் மோட்டார் இயங்கும் என்ற ஒரு வரியைக் கூட்டி முடிக்க இரண்டு நிமிடம் ஆனது. அவள் "அப்புறம்?" என்றாள். இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்காமல் படிக்கட்டுக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் படித்து யாரும் அதுவரைக்கும் அப்புறம் என்று கேட்டதில்லை. போதும், உட்காரு என்றுதான் கேட்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு தினமும் அப்பாவும் மகளும் லிஃப்ட் புத்தகம் படித்தார்கள். ஆறு வாரத்தில் ஐம்பது பக்கம். படத்தைக் காட்டி "இது யாரு?" என்பாள். "இது பிரேக்கு. ரொம்ப நல்லவன், கீழ விழ விடமாட்டான்" என்பார். ஒருநாள் அவர் பையைத் திறப்பதற்குள் அவளே பொம்மையை உருட்டித் தள்ளிவிட்டு, கட்டிலாகக் கிடந்த புத்தகம் ஒன்றை உருவிக்கொண்டு வந்து மடியில் போட்டிருக்கிறாள். செருப்பைத் தொலைத்த ஒரு முயலின் கதை. பன்னிரண்டு பக்கம், பக்கத்துக்கு ஒரு வரி. அதைப் பத்து நாளில் கந்தலாக்கிவிட்டார்கள். கிழிந்ததை அவரே டேப் போட்டு ஒட்டினார்.

போன மாதம் ஒரு ஞாயிறு நான் போயிருந்தேன். தங்கைக்கு லீவு. முயல் புத்தகத்தை எடுத்து வாண்டுக்குப் படித்துக் காட்ட உட்கார்ந்தாள். டாக்டர்கள் கிறுக்கும் சீட்டையே சரளமாகப் படிக்கிறவள் அவள்.

"முயல் தன் செருப்பைக் கட்டிலுக்கு அடியில் தேடியது. முயல் தன் செருப்பை..."

வாண்டு அம்மாவின் வாயைப் பொத்தினாள். "அம்மா தப்பு."

"என்னடி தப்பு? சரியாத்தானே படிக்கறேன்."

"அப்படி இல்ல." புத்தகத்தைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விரலை வைத்தாள். "மு... முய... முயல் தன் செ..." நிறுத்தினாள். உள்ளங்கையால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். விரலை வரியின் ஆரம்பத்துக்குக் கொண்டுபோனாள். "முயல் தன் செ... செரு..."

எழுத்து ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது, தலைகீழாகக் கொடுத்தாலும் படிப்பாள். ஆனால் அந்தத் திக்கலும், நெற்றித் தேய்ப்பும், திரும்பிப் போவதும் அச்சு அசல் அவர்தான். தங்கைக்கு வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நான் அவரைப் பார்த்தேன். டீ தம்ளரோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். இத்தனை நாள் எதற்குப் பயந்தாரோ அது கண் முன்னால் நடந்துவிட்டது.

"செருப்பை" என்று ஒருவழியாக முடித்துவிட்டு வாண்டு கைதட்டிக்கொண்டாள். அப்புறம் புத்தகத்தை அவர் பக்கமாக நீட்டினாள்.

"நீ வாப்பா. அம்மாவுக்குப் படிக்கத் தெரியல."

அவர் என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, மறைக்கவும் இல்லை.

"போங்க தம்பி, கூப்பிடறாள்ல" என்றேன்.

தம்ளரைத் தரையில் வைத்தார். தங்கை நகர்ந்து இடம் விட்டாள். எங்கள் இருவர் முன்னாலும் உட்கார்ந்து, மகளை மடியில் இருத்தி, விரலை முதல் எழுத்தில் வைத்தார்.

"மு..." என்றார்.

வாண்டு அவர் விரலையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். அவளுக்கு ஓர் அவசரமும் இல்லை.