அக்கா வேண்டாம் என்ற மனிதர்

என் கணவர் முதலில் பெண் பார்க்க வந்தது என் அக்காவை. இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை, மறைக்கவும் முடியாது. மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து நான் பிறந்தகம் போகும்போதும், மிளகு மூட்டை ஏற்றிய கைவண்டிக்கு ஒதுங்கி நிற்கிற நேரத்தில், "அக்கா விட்டுக்கொடுத்தாளே, அந்தத் தங்கை இவதான்" என்று யாரோ யாரிடமோ சொல்வது காதில் விழும்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. அப்பாவுக்குக் கடைவீதியில் ஒரு சுக்கு வியாபாரியின் கிடங்கில் வேலை. அம்மாவுக்கு முடக்குவாதம். கை விரல்கள் மடங்கிப் போய், தலைகூடத் தானாக வாரிக்கொள்ள முடியாது. அக்கா காயலுக்கு அக்கரையில், துறைமுகத் தீவில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்ட். தினமும் படகில் போய்ப் படகில் வருவாள். என் கணவராகப் போகிறவரும் அப்போது மட்டாஞ்சேரியில் தன் மாமா வீட்டில் தங்கி, தீவில் ஒரு பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அதே படகு. அக்காவோடு பேசிப் பேசிப் பிடித்துப் போய், கட்டிக்கொண்டால் இவளைத்தான் என்று தன் அம்மாவிடம் அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் ஒரு ஆண் அப்படிச் சொல்வதே பெரிய சேதி.

வந்தார்கள். நான்தான் காப்பி கொண்டுபோனேன். பயத்தில் வாசற்படி தடுக்கி டபராவில் பாதி காப்பி சிந்திவிட்டது. அவர் யாருக்கும் தெரியாமல் டபராவைத் தன் பக்கம் இழுத்து, சிந்தினதைத் தம்ளரில் ஊற்றிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல் குடித்தார். அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அக்காவைப் பார்க்க வந்தவரைப் பற்றி அப்படி நினைக்கக் கூடாது என்று தெரிந்தும் பிடித்தது.

அப்போதுதான் அக்கா கூடத்துக்கு வந்தாள். நமஸ்காரம் பண்ணவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"தப்பா எடுத்துக்கப்படாது. எனக்கு இப்போ கல்யாணம் வேண்டாம். அம்மாவை இந்த நிலையில விட்டுட்டு எங்கேயும் வர முடியாது. என் தங்கை இருக்கா. அவளுக்கும் வயசாச்சு. இஷ்டம்னா அவளைப் பாருங்கோ."

அம்மா உள்ளே விம்மி அழுதது கேட்டது. அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். பெண் பார்க்க வந்தவர் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவே இல்லை. கோவிலில் நடை திறந்ததும் நிற்கிறவர்கள் முகம் அப்படித்தான் இருக்கும். சில மாதங்கள் கழித்து அவர் வீட்டிலிருந்து சம்மதம் வந்தது. எனக்குக் கல்யாணம் ஆயிற்று.

அதே சமயம் ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் தொடர்கதை ஒன்று வந்துகொண்டிருந்தது. ரயிலில் வரும் பத்திரிகை, எங்கள் சந்தின் தமிழ் வீடுகளுக்குள் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்து எங்களிடம் வரும். குடும்பத்துக்காகவும் தங்கைக்காகவும் காதலனையே விட்டுக்கொடுக்கும் ஓர் அக்காவின் கதை. கல்யாணத்துக்கு முன்னால் நானும் அதைப் படித்து அழுதவள்தான். கல்யாணத்துக்குப் பிறகு பக்கத்து வீட்டு மாமி சொன்னாள்: "கதை எழுதினவர் நம்ம சந்துக்கு வந்து பாத்துட்டுப் போனாப்போலன்னா இருக்கு!"

அதன் பிறகு எனக்கு அழுகை வரவில்லை. கதையில் வரும் தங்கையைக் கவனிக்க ஆரம்பித்தேன். அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு சிரிப்பாள். கொலுசு சத்தத்தோடு ஓடுவாள். ஓர் அத்தியாயத்துக்கு நாலு வரி. அவள் காதலித்தாளா, அவளுக்கு அவனைப் பிடித்ததா என்று எழுதினவரும் கேட்கவில்லை, படித்தவர்களும் கேட்கவில்லை.

என் கணவருக்குக் களமசேரியில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து அங்கே குடிபோனோம். நல்ல மனிதர். குரலை உயர்த்த மாட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் விடிந்ததுமே சட்டையை இஸ்திரி போடுவார். பஸ் பிடித்து, படகு பிடித்து, மட்டாஞ்சேரிக்குப் போவோம். நான் அம்மாவைக் குளிப்பாட்டித் தலை வாரிக்கொண்டிருப்பேன். முன்னறையில் அவரும் அக்காவும் பேசுவார்கள். அவர் தமிழ் சரளமாகப் படிக்க மாட்டார், மலையாளம்தான். அதனால் அந்த வாரக் கதையை அக்கா சொல்ல, அவர் கேட்பார். நடுவில் "பின்னே?" என்பார். "அப்பறம் என்னாச்சு?" என்பார். அந்த "பின்னே"க்காக என் காது சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சீப்பு அம்மாவின் தலையில் அப்படியே நின்றுவிடும். "ஏன்டீ நிறுத்திட்டே?" என்பாள் அம்மா.

என்னிடம் அவர் பேசுவதெல்லாம் துண்டு துண்டாக இருக்கும். "உப்பு கம்மி." "குடை எங்கே?" அக்காவிடம் முழு வாக்கியங்களாகப் பேசுவார்.

அக்கா என்னைவிட அழகாக இருந்திருந்தால் பவுடர் பூசியாவது சமாளித்திருப்பேன். கெட்டவளாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். தியாகம் செய்தவளோடு எப்படிப் போட்டி போடுவது? நானும் முயன்று பார்த்தேன். தீய்ந்த தோசையை எனக்கு வைத்துக்கொண்டேன். பாயசத்தை அவருக்கே முழுதாக ஊற்றிவிட்டு, "எனக்குப் பசிக்கலை" என்று சோகமாகச் சொன்னேன். "பசிக்கலைன்னா மோர் குடி. வயிறு சரியாகும்" என்றார்.

பெண் குழந்தை பிறந்தபோது அக்கா பெயரையே வைக்கலாம் என்றார். "அவ இல்லேன்னா நாம இல்லையே" என்றார். பிரசவமான உடம்போடு படுத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே, "என் பொண்ணை ஒரு பேர் சொல்லி நான் திட்டணும். அக்கா பேரைச் சொல்லித் திட்ட முடியாது" என்றேன். நியாயமான காரணம் என்று ஒப்புக்கொண்டார். அன்று ஜெயித்த சந்தோஷம் ஒரு வாரம் இருந்தது. அடுத்த ஞாயிறு அக்கா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டதும், அவர் அந்த இருவரையும் பார்த்த பார்வையில் அது கரைந்து போயிற்று.

எண்பதுகளில் அப்பா போனார். பிறகு அம்மாவும் போனாள். காரியங்கள் முடிந்த பிறகு ஒரு நாள் அவர் சொன்னார்: "அக்கா இனிமே அங்கே தனியா எதுக்கு? நமக்காக எல்லாத்தையும் விட்டவ. முன்னறையை ஒழிச்சுக் குடுத்துடலாம். நீ போய்ச் சொல்லு."

அந்த முன்னறையில் அக்கா தினமும் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். ஞாயிறு மட்டும் இருந்த "பின்னே", இனி வாரம் முழுக்கக் கேட்கும். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விட்டுக்கொடுத்தவளுக்கு ஒரு அறை கொடுக்க மாட்டேன் என்று எந்தத் தங்கை சொல்ல முடியும்?

ஒரு வேலைநாள் சாயங்காலம் நான் மட்டும் படகில் போனேன். அக்கா அப்போதுதான் ஆபீஸிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். சாயா போட்டுக் கொடுத்தாள். நான் அவர் சொன்னதைச் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

அக்கா தம்ளரைக் கீழே வைத்தாள்.

"வரலைடீ. நானே சொல்லணும்னு இருந்தேன். நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்."

எங்கள் இருவருக்கும் வயது என்ன என்று ஒரு கணம் எனக்கு மறந்துபோயிற்று. தீவில் பக்கத்து ஆபீஸில் வேலை பார்ப்பவராம். கொங்கணிக்காரர். மனைவி இறந்து வெகு காலம். குழந்தை இல்லை.

"பல வருஷமா ஒரே பெஞ்சுல உக்காந்து வரோம். அவர் பாட்டுக்குப் படிப்பார், நான் பாட்டுக்குப் படிப்பேன். படகு கரைக்கு வந்தா, 'எத்தி, சேச்சி'ம்பார், வந்தாச்சுன்னு. அவ்வளவுதான். அந்த அவ்வளவு எனக்குப் போதும்னு தோணித்து."

"அப்போ இத்தனை வருஷம் அம்மாவுக்காகக் காத்துண்டிருந்தியா?"

"அம்மாவுக்காக இருந்தேன். இல்லேங்கலை. ஆனா அன்னைக்கு உன் ஆத்துக்காரரை வேண்டாம்னது அம்மாவுக்காக இல்லை." புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு அவரைப் பிடிக்கலை."

"பிடிக்கலையா?"

"நல்லவர். ஆனா படகுல ஏறினா எறங்கற வரைக்கும் பேச்சு. நான் கையில புஸ்தகம் வெச்சிருப்பேன், அது கண்ணுலயே படாது. இவரோட ஆயுசு முழுக்கவான்னு மலைப்பா இருந்தது. பிடிக்கலைன்னு சொன்னா யாருடீ விடுவா? வந்த வரனை வேண்டாம்னு சொல்ல நீ யாருன்னு கேப்பா. அம்மாவுக்காகன்னு சொன்னேன். எல்லாரும் வாயை மூடிண்டா."

"பின்னே என்னை எதுக்கு மாட்டி விட்டே?"

"மாட்டி விட்டேனா? நீ காப்பி குடுத்துட்டு உள்ளே வந்தப்போ உன் மூஞ்சியை நான் பாத்தேனே. உனக்கு அவரைப் பிடிச்சிருந்தது."

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். இவள் வேண்டாம் என்று தள்ளிய மனிதரையா நான் இத்தனை காலம் இவளிடமிருந்து பூட்டிப் பூட்டி வைத்தேன்! கோபத்துக்கு அடியில் பழைய பொறாமையே வேறு உருவத்தில் எழுந்து உட்கார்ந்தது. தனக்கு இது வேண்டாம், அது வேண்டும் என்று இவளுக்கு அந்த வயதிலேயே தெரிந்திருக்கிறது. தெரிந்ததைச் செய்துகொள்ள ஒரு வழியும் கண்டுபிடித்திருக்கிறாள். எனக்கோ, வேண்டியது கைக்கு வந்த பிறகும் அதை என்னுடையது என்று எடுத்துக்கொள்ளத் தெரியவில்லை.

"இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே, அக்கா."

"எப்படிச் சொல்றது? உன் ஆத்துக்காரரை எனக்குப் பிடிக்கலைன்னு உங்கிட்ட வந்து சொல்லணுமா?"

வீட்டுக்கு வந்து அவரிடம் முதலில் அந்தப் பழைய விஷயத்தைத்தான் சொன்னேன். பேச்சு அதிகம் என்றதை மட்டும் விட்டுவிட்டேன். அவர் சிரித்தார்.

"அப்படித்தான் சொல்வா. நீ மனசு நோகக் கூடாதுன்னு இப்போ இப்படி ஒண்ணு சொல்றா. அவ குணம் அது."

எதைச் சொன்னாலும் அக்கா இன்னும் ஒரு படி மேலே ஏறிவிடுகிறாள். எனக்குப் பொறுக்கவில்லை. "அவ கல்யாணம் பண்ணிக்கப் போறா" என்றேன்.

சிரிப்பு நின்றது. "யாரை?"

சொன்னேன்.

"கொங்கணிக்காரனையா? இந்த வயசுலயா? இத்தனை வருஷம் கழிச்சு இப்போ எதுக்கு?" எழுந்தார். உட்கார்ந்தார். "ஊர் என்ன சொல்லும்?" என்றார். ஊரைப் பற்றி அவர் அதற்கு முன் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. சாப்பாடு வேண்டாம் என்று ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். அந்த முதுகு எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றாக இருந்தது. அம்மாவின் அறையில் சீப்போடு நின்ற என் முதுகும் பின்னாலிருந்து இப்படித்தான் இருந்திருக்கும். அவர் பொறாமைப்படுகிறார் என்பதைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். அதே சமயம் அவர்மேல் பாவமாகவும் இருந்தது. இந்த நோயின் வலி தெரிந்தவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

பதிவுத் திருமணத்துக்கு அவர் வரவில்லை. தொழிற்சாலையில் லீவு கிடைக்காது என்றார். கேட்டால்தானே கிடைக்கும்! நான் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் போனேன். அக்கா பருத்திப் புடவை கட்டியிருந்தாள். அந்த மனிதர் கூச்சத்தோடு எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து மூவரும் ஒரு ஹோட்டலில் மசால் தோசை சாப்பிட்டோம். ஒருவரும் அதிகம் பேசவில்லை. அக்காவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷமா, எரிச்சலா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான்.

சாயங்காலம் அவர் ஷிப்ட் முடிந்து வந்தார். செருப்பைக் கழற்றியபடியே கேட்டார்.

"நல்லபடியா முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"சந்தோஷமா இருந்தாளா?"

"ரொம்ப."

தலையை ஆட்டினார். காப்பி கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் குடிக்காமல் இருந்தார். பிறகு, பெண்ணின் பள்ளிப் பையை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"அப்போ அவ சொன்னது நிஜந்தான். என்னை அவளுக்குப் பிடிக்கலை."

ஆறிப்போன காப்பியை நான் எடுத்துத் தள்ளி வைத்தேன்.

"நீ எதுக்கு ஒத்துண்டே? அக்கா சொன்னான்னா?"

கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் இதைக் கேட்டதில்லை.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருந்தது" என்றேன். "முதல் நாளே. அக்கா கூடத்துக்கு வரதுக்கு முன்னாலேயே."

அவர் என்னைப் பார்த்தார். படகில் வந்த யாரோ தெரிந்தவரை அடையாளம் கண்டுகொள்ள முயல்கிறவர் போலப் பார்த்தார்.

"சொல்லவே இல்லையே நீ?"

"நீங்க கேக்கவே இல்லையே."

பொறாமை அன்றோடு போய்விட்டது என்று சொன்னால் அது தொடர்கதைக்குத்தான் சரியாக இருக்கும். போகவில்லை. இரண்டு வாரம் கழித்து அக்காவும் அவள் கணவரும் விருந்துக்கு வந்தபோதுகூட, என் கணவர் யாரிடம் எவ்வளவு நேரம் பேசுகிறார் என்று சமையலறையிலிருந்து காது கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் நான் அதைச் சொன்ன அந்தச் சாயங்காலம் அவர் உள்ளே போகவில்லை. என் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, "முதல் நாளேயா? எதைப் பாத்து?" என்று கேட்டார். நான் சொல்லத் தொடங்கினேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார்.