மூன்றாவது பம்ப்

இது ராத்திரியில் நடந்ததல்ல. சனிக்கிழமை மத்தியானம், இரண்டு நாற்பதிலிருந்து நான்கு மணிக்குள். வெளியே மழை. ஷெட்டில் டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு டிவி சத்தம்கூடக் கேட்டது. கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். அன்றைக்கு எழுதிய நோட்டு என்னிடம் இருக்கிறது. எண்கள் எல்லாம் பென்சிலில்தான். ஒன்றைக்கூட நான் அழித்து எழுதவில்லை.

அண்ணன் அந்த வண்டியை வாங்கி வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. பழைய டூரிங் பைக். இரண்டு பக்கமும் பெட்டிகள், பின்னால் உட்காருபவருக்கு சோபா மாதிரி சாய்மானம். முந்நூற்று அறுபது கிலோ. அதைப் பார்த்ததும் அண்ணி, "இது பைக்கா, பஸ்ஸுக்குப் பொறந்ததா?" என்று கேட்டாள். ஆனால் சாய்மானத்தைத் தடவிப் பார்த்தபோது அவள் முகம் மலர்ந்ததை நான் கவனித்தேன். கல்யாணமாகி ஆறு வருஷம். இருவரும் எங்கேயும் போனதில்லை. ஒரு வழியாக இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் லீவு கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். தொள்ளாயிரம் கிலோமீட்டர்.

வண்டியில் மூன்று பம்புகள். மூன்றுமே வேலை செய்யவில்லை.

முதலாவது பெட்ரோல் பம்ப். சாவியைத் திருப்பினால் "விர்ர்" என்று இரண்டு விநாடி கேட்க வேண்டும். கேட்கவில்லை. நேரடியாக பேட்டரியில் கொடுத்தும் சுற்றவில்லை. மாற்றினோம். இரண்டாவது, இன்ஜினைக் குளிர வைக்கும் தண்ணீர் பம்ப். அடியில் இருந்த சின்னத் துளையிலிருந்து பச்சைத் தண்ணீர் சொட்டியது. உள்ளே சீல் போயிருந்தது. அதையும் மாற்றினோம். நான் பிசிக்ஸ் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். மல்டிமீட்டர் பிடிப்பதும் நோட்டில் எழுதுவதும் என் வேலை. ஸ்பேனர் பிடிப்பது அண்ணன் வேலை. என்னைத் திட்டுவதும் அவன் வேலைதான்.

மூன்றாவது, காற்று பம்ப். பின்பக்க ஷாக் அப்சார்பருக்குள் காற்று ஏற்றுகிற சின்ன பம்ப். பாரம் அதிகமானால் கூடக் கொஞ்சம் காற்று ஏற்றிக்கொள்ளலாம். எவ்வளவு இருக்கிறது என்று ஹேண்டில் பக்கத்தில் ஒரு கேஜின் முள் காட்டும்.

இதில்தான் தப்பு செய்தோம். பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை. பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டி, பார்ட்ஸ் கடையில் வேறொன்று வாங்கி மாட்டினோம். அதுவும் ஓடவில்லை. பிறகுதான் கழற்றிப் போட்ட பழைய பம்பை பேட்டரியில் கொடுத்துப் பார்த்தேன்.

"டகடகடகடக..."

ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

வயரைத் தேடிக்கொண்டே போனோம். ஸீட்டுக்கு அடியில் அது வெட்டப்பட்டிருந்தது. அறுந்ததல்ல. வெட்டியது. இரண்டு முனைகளிலும் தனித்தனியாக டேப் சுற்றி, இரண்டையும் எதிரெதிர்ப் பக்கம் மடக்கிக் கட்டியிருந்தார்கள்.

"எவனோ அரைகுறை மெக்கானிக்" என்றான் அண்ணன்.

அரைகுறை மெக்கானிக் இவ்வளவு பொறுமையாக டேப் சுற்றுவானா என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. பார்ட்ஸ் கடைக்காரருக்கு போன் செய்து, வெட்டிய வயரைப் பற்றிச் சொல்லி, வண்டியின் பழைய ஓனரைப் பிடிக்க முடியுமா என்று கேட்டேன். விசாரிக்கிறேன் என்று என் நம்பரைக் குறித்துக்கொண்டார்.

2:40. வயரை இணைத்தோம். பம்ப் ஓடியது. முள் முப்பதில் நின்றது.

அண்ணிக்கும் பெட்டிகளுக்கும் எவ்வளவு காற்று வேண்டும் என்று தெரிய வேண்டுமே. பத்து லிட்டர் கேன்களில் தண்ணீர் பிடித்துப் பின் ஸீட்டில் வைத்துப் பார்த்தேன். ஒரு கேன், முப்பத்தொன்று. இரண்டு கேன், முப்பத்திரண்டு. மூன்று, முப்பத்து மூன்று. அதாவது பத்து கிலோவுக்கு ஒரு கோடு. எல்லாவற்றையும் இறக்கினேன். முள் முப்பதுக்கே திரும்பியது. தரையிலிருந்து ஸீட் எழுபத்தொன்பது சென்டிமீட்டர். எழுதிக்கொண்டேன்.

அண்ணன் கை கழுவ உள்ளே போனான்.

3:31. நோட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தேன்.

முள் முப்பத்து மூன்றைத் தாண்டி நின்றிருந்தது.

கேன்களை எண்ணினேன். மூன்றும் தரையில் இருந்தன. வண்டிச் சாவி என் பாக்கெட்டில். பம்ப் ஓடியிருக்க முடியாது. சூட்டில் காற்று விரிந்திருக்குமா? மழையில் ஷெட் குளிர்ந்துகொண்டுதான் இருந்தது.

அளக்கும் டேப்பை எடுத்து ஸீட்டை அளந்தேன். எழுபத்தேழு.

காற்று கசிந்தால் ஸீட் இறங்கும். முள்ளும் இறங்கும். ஸீட் இறங்கி, முள் ஏறினால்... அதற்கு ஒரே அர்த்தம்தான்.

மேலே பாரம் இருக்கிறது.

3:44. அண்ணன் வந்தான்.

"என்ன சயின்டிஸ்ட், பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

கேஜைக் காட்டினேன்.

"கேஜ் ஊத்திக்கிச்சு. பழசுதானே."

"கேன் வெச்சப்போ சரியா காட்டுச்சேண்ணா."

விரலால் சுண்டினான். முள் அசையவில்லை. பின்னால் போய், ஸீட்டுக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்து வண்டியை ஆட்டினான். சிரித்துக்கொண்டேதான் ஆட்டினான். இரண்டாவது தடவை ஆட்டும்போது சிரிப்பு இல்லை.

"உன் கணக்குல எவ்ளோ வருது?"

"முப்பத்தி நாலு கிலோ."

அவன் ஸீட்டின் மேல் கையை நீட்டி, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை மெதுவாகக் கொண்டுபோனான். கை எதிலும் படவில்லை. ஆனால் ஸீட்டின் நடுவில் லேசாக ஒரு குழி இருந்தது. தோல் அங்கே மட்டும் இழுத்துப் பிடித்த மாதிரி பளபளத்தது.

"க்ரீச்..."

யாரோ அசைந்து உட்கார்ந்த மாதிரி. குழி கொஞ்சம் முன்னால் நகர்ந்தது.

அண்ணன் கையை இழுத்துக்கொண்டான்.

"நாளைக்குப் போகாதண்ணா."

"ஆறு வருஷம் கழிச்சு இப்பத்தான்..." முடிக்கவில்லை. "அண்ணிகிட்ட மூச்சு விடாத. நான் பாத்துக்கறேன்."

3:58. அண்ணி டீ டம்ளர்களோடு வந்தாள்.

"என்ன நாத்தனாரே, உங்க அண்ணன் பஸ் கிளம்புமா, கிளம்பாதா? தள்ளிக்கிட்டே போறதுன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் செருப்பை மாத்தணும்."

அவள் டம்ளர்களை பெஞ்சில் வைத்தாள். பின் ஸீட்டுப் பக்கம் போனாள்.

"என் சிம்மாசனத்துல ஒரு தடவை உக்காந்து பாத்துடறேன்."

வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தேன்.



அதற்குள் அவள் கம்பியைப் பிடித்தாள்.

காலைத் தூக்கினாள்.

முள் விழுந்தது.

முப்பது.

அவள் உட்கார்ந்தாள். முப்பத்தைந்தரை. அண்ணி ஐம்பத்தைந்து கிலோ. அவள் எடை மட்டும்தான். அதற்கு மேல் ஒரு கிராம்கூட இல்லை.

பஸ்ஸில் பெரியவர்கள் வந்தால் எழுந்து இடம் கொடுப்பது போல... அப்படித்தான் இருந்தது.

"சும்மா சொல்லக் கூடாது, சுகமாத்தான் இருக்கு" என்றாள் அண்ணி. இறங்கினாள். முள் முப்பதுக்கு வந்தது. அங்கேயே நின்றது.

நான் ஆறு மணிக்குப் பார்த்தேன். முப்பது. ஒன்பதுக்குப் பார்த்தேன். முப்பது. காலை நாலு நாற்பதுக்கு அண்ணனும் நானும் சேர்ந்து பார்த்தோம். முப்பது. ஸீட் எழுபத்தொன்பது. அண்ணன் பெருமூச்சு விட்டு என் தலையில் ஒரு குட்டு வைத்தான். "போயிடுச்சு, விடு."

போய்விட்டது என்றுதான் நானும் நம்பினேன். நம்பியதால்தான் அவர்களைப் போக விட்டேன்.

வழியில் நிறுத்திய இடத்திலெல்லாம் கேஜை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன். நான்கு போட்டோக்கள் வந்தன. நான்கிலும் கணக்கு சரியாக இருந்தது. ஞாயிறு இரவு எட்டேகாலுக்கு, "வந்து சேர்ந்துட்டோம். உன் அண்ணி இப்பவே கடல்ல நிக்கிறா" என்று மெசேஜ் வந்தது. அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

செவ்வாய்க்கிழமை காலை 11:20. தெரியாத நம்பர்.

வண்டியின் பழைய ஓனர். வயதான குரல். பார்ட்ஸ் கடைக்காரர் நம்பர் கொடுத்தாராம்.

"காத்து பம்ப் வயரைச் சேத்துட்டீங்களாம்மா?"

"ஆமா சார். யாரோ வெட்டியிருந்தாங்க."

"நான்தான் வெட்டினேன்."

"ஏன் சார்?"

"பாக்க முடியல. பம்ப் ஓடலேன்னா காத்து போயி முள் கீழேயே கிடக்கும்ல. இப்போ எவ்ளோ ஏறுதும்மா?"

எது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"மூணு கோட்டுக்கு மேல. முப்பத்தி நாலு கிலோ."

"வண்டி வாங்கின புதுசுல முள் அசையறதே தெரியாது. வெட்டின அன்னைக்கு ஒரு கோடு காட்டுச்சு."

ஒரு கோடு என்றால் பத்து கிலோ.

"அது எப்போ சார்?"

"ஒன்பது வருஷம் ஆச்சு."

ஒன்பது வருஷத்தில் பத்து கிலோ முப்பத்து நான்கு கிலோ ஆகியிருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் வளர்கிற மாதிரி.

அவர் அழுகிறாரோ என்று தோன்றியது. ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

"இப்போ ஒண்ணும் இல்ல சார். சனிக்கிழமையே முள் இறங்கிடுச்சு. எங்க அண்ணனும் அண்ணியும் நல்லபடியா போய்ச் சேந்துட்டாங்க. வண்டியில எதுவும் இல்ல."

"இறங்கிடுச்சா?"

"ஆமா சார். எங்க வீட்டு ஷெட்லயே."

லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்துப் போனைப் பார்த்தேன். கட்டாகவில்லை.

"எங்ககிட்ட இருந்தப்போ..." என்றார். "ஒரு நாள்கூட இறங்கினதில்லையேம்மா."

வீட்டில் நான் மட்டும்தான். அண்ணனும் அண்ணியும் திரும்பி வர இன்னும் மூன்று நாள் இருந்தது.